9999 இன் 1

பிசி கேம் சந்தை பெரியதா, கன்சோல் கேம் சந்தை பெரியதா? உலகக் கணக்கில் பதில் கன்சோல். நியூஜூ என்ற ஆய்வு நிறுவனம் 2024இன் நடுவில் வெளியிட்ட கணிப்புப்படி, அந்த ஆண்டு உலகம் வீடியோ கேம்களுக்குச் செலவிடும் தொகை 18,770 கோடி டாலர். இதில் கன்சோலின் பங்கு 5,190 கோடி, பிசியின் பங்கு 4,320 கோடி. இரண்டையும் கூட்டினால் வருகிற அளவுக்கு, 9,260 கோடி, மொபைல் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கைச் சாத்தூரிலோ சிவகாசியிலோ தொண்ணூறுகளுக்குப் பிறகு வளர்ந்த ஒருவரிடம் காட்டினால், "கன்சோலா? யார் வீட்ல இருந்துச்சு?" என்றுதான் கேட்பார். இன்னும் கொஞ்சம் யோசித்தால், "டிவில போடுற வீடியோ கேம் இருந்துச்சே, அது கன்சோல்தானா?" என்பார். அதுவும் கன்சோல்தான். அவர் காட்டிய தயக்கம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நியூஜூ தன் கணக்கில் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. கருவியின் விற்பனை சேராது. வரி சேராது. செகண்ட் ஹேண்ட் வியாபாரம், விளம்பர வருமானம், பணம் வைத்து ஆடும் சூது எதுவும் சேராது. குறை சொல்ல முடியாது. எண்ணுகிறவர் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நம்மூர்களில் வீடியோ கேம் வந்து, பரவி, ஒரு தலைமுறையின் விளையாட்டாகவே ஆனது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியில். நகல் கருவி, நகல் கேசட், எரித்த சிடி, மணிக்கு இருபது ரூபாய் வாடகை. இதில் ஒன்றுகூட எந்த அறிக்கைக்கும் போய்ச் சேரவில்லை.

1

கோடு எங்கே போடப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீப்பெட்டியே சாட்சி.

1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதே காலத்தில், 1923இல், சுவீடன் முதலாளிகளின் விம்கோ நிறுவனம் இந்தியாவில் இயந்திரத் தீப்பெட்டி செய்ய இறங்கியது. 1934இல் ஆங்கில அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. அதற்குப் பிறகு எழுபது எண்பது ஆண்டுகளாக ஒரே சண்டை: கைத்தீப்பெட்டி எது, இயந்திரத் தீப்பெட்டி எது? இரண்டையும் உரசினால் ஒரே மாதிரிதான் பற்றும். வித்தியாசம் வரிச் சட்டத்தில் இருந்தது. சட்டத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் நிரப்புவது, லேபிள் ஒட்டுவது, பொதிவது - இந்த வேலைகளில் எதற்கும் மின்சாரம் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தாவிட்டால் கைத்தொழில், வரி குறைவு. ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில்தான் இரண்டையும் 12 என்று ஒன்றாக்கினார்கள்.

ஆக, கைத்தீப்பெட்டிச் சந்தை இவ்வளவு பெரியது என்று பழைய அறிக்கை ஒன்று சொன்னால், அது குச்சியைப் பற்றிச் சொல்வதைவிட வரியைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பிசி, கன்சோல் என்ற பிரிவும் அப்படிப்பட்டதுதான். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்குள் இருந்தது இன்டெல் பென்டியம் 3. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4க்குள் இருந்ததும் பிசிக்களில் இருக்கும் அதே குடும்பத்துச் சில்லு. பெட்டியைத் திறந்து பார்க்கிற பொறியாளருக்கு இரண்டும் கம்ப்யூட்டர்தான். ஆனால் சுங்கத் துறை பெட்டியைத் திறப்பதில்லை, பெயரைப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் சுங்க அட்டவணையின் 84ஆம் அத்தியாயத்தில் வருகிறது, இயந்திரங்களோடு. வீடியோ கேம் கன்சோல் 95ஆம் அத்தியாயத்தில், பொம்மைகளோடு.

இந்தியா 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2005க்குள் கம்ப்யூட்டரின் சுங்கவரி படிப்படியாகப் பூஜ்யமானது. கன்சோலுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கம்ப்யூட்டருக்கு 18, கன்சோலுக்கு 28. கன்சோலையும் 18க்கு இறக்க 2018 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று படிக்கிற பொருள், மற்றது விளையாட்டுச் சாமான். தில்லியில் போட்ட இந்தக் கோட்டை விருதுநகரில் ஒவ்வொரு அப்பாவும் தன் வீட்டுக்குள்ளும் போட்டார்.

2

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர். நேரு வைத்தார் என்பார்கள். அசல் ஜப்பானில் நிண்டெண்டோ என்ற நிறுவனம் 1889இல் கியோட்டோவில் தொடங்கியபோது அது செய்தது சீட்டுக்கட்டு. ஹனாஃபுதா என்ற பூப்படச் சீட்டு. அட்டையும் அச்சும் வண்ணமும்தான் மூலதனம். லேபிளும் காலண்டரும் அச்சடித்து வளர்ந்த ஊருக்கு அந்தத் தொழில் அந்நியமாகத் தெரியாது.

அதே நிண்டெண்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டுக் கருவியின் பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. சுருக்கமாக ஃபேமிகாம். 2 கிலோபைட் நினைவகம் கொண்ட பெட்டி. அமெரிக்காவில் அப்போதுதான் வீடியோ கேம் சந்தை குப்புற விழுந்திருந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடினார்கள். அதனால் 1985இல் அங்கே இதை 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் மாற்றி, கூடவே ஒரு சின்ன ரோபோவையும் வைத்து, பொம்மை என்று சொல்லி விற்றார்கள். ஆசியாவில் இதன் நகல்கள் வந்தபோது நடந்தது நேர் எதிர். விசைப்பலகை ஒட்டி, கம்ப்யூட்டர் என்று சொல்லி விற்றார்கள். அங்கே கடைக்காரரை ஏமாற்ற வேண்டியிருந்தது, இங்கே அப்பாவை.

ஃபேமிகாமும் அதன் அமெரிக்க வடிவமும் சேர்ந்து உலகம் முழுக்க விற்றது 6 கோடிக்குக் கொஞ்சம் மேல் என்பது நிண்டெண்டோவின் கணக்கு. தைவானில் பிரதி எடுத்த சில்லுகளோடு சீனாவில் கோத்து அனுப்பிய நகல்கள் இதில் சேராது. அவை எத்தனை கோடி என்று எண்ணுவதற்கு யாரும் இல்லை. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கடைகளில் 'வீடியோ கேம்' என்ற பெயரில் விற்றவை பெரும்பாலும் இவைதான். உள்ளே சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பிசின் சொட்டு இருக்கும். கழன்றால் பற்றவைக்க முடியாது. டிவியில் ஒரு வயரைச் செருகி, சேனலைத் திருகிப் பிடித்தால் மரியோ வந்துவிடுவான்.

கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் உள்ளே சில பத்து விளையாட்டுகள் இருந்தாலே அதிகம். கான்ட்ரா ஒரு எண்ணில் இருக்கும். முப்பது உயிரோடு தொடங்கும் கான்ட்ரா இன்னொரு எண்ணில். மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும் கான்ட்ரா வேறொரு எண்ணில். பிறகு அதே வரிசை திரும்பத் திரும்ப, பெயரை மட்டும் மாற்றி. ஒரு சந்தையின் அளவை எப்படியெல்லாம் சொல்லலாம் என்பதற்கு நான் பார்த்த முதல் பாடம் அந்த லேபிள்தான்.

கூடவே ஒரு துப்பாக்கி வரும், வாத்து சுட. தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டுச் சுட்டுப் பழகிய ஊரில் அதன்மேல் தனி மோகம். அது வேலை செய்யும் விதம் அழகானது. விசையை அழுத்தியதும் டிவித் திரை கண் இமைக்கும் நேரம் கறுப்பாகிறது. அடுத்த நொடித்துணுக்கில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கியின் முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குப் போவதில்லை, டிவியிலிருந்துதான் துப்பாக்கிக்குள் வருகிறது. பழைய குழாய் டிவியின் துல்லியமான நேரக் கணக்கை நம்பிச் செய்தது என்பதால் இன்றைய தட்டை டிவிகளில் அந்தத் துப்பாக்கி செத்துவிட்டது.

டிவி இருந்தால்தானே வீடியோ கேம். இல்லாத பிள்ளைகளுக்குக் கடை இருந்தது. நாணயம் போட்டு ஆடும் நின்ற பெட்டி, ஜாய்ஸ்டிக், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் ஏழெட்டுப் பேர். கேப்காம் 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற விளையாட்டுக்கு அந்தப் பெயர் இருந்ததே இங்கே பலருக்கும் தெரியாது. அது 'முஸ்தபா'. அதில் வரும் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர். பிசியிலும் சேராமல் வீட்டுக் கன்சோலிலும் சேராமல், ஒரு ரூபாய் நாணயங்களாகவே அந்தச் சந்தை நடந்து முடிந்தது.

2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 இஞ்சுப் பெட்டி. அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. கன்சோல் விற்கும் எந்த நிறுவனத்துக்கும் இப்படி ஓர் அடித்தளம் கனவில்கூடக் கிடைக்காது. ஆனால் அப்போது அசல் கன்சோல் என்றால் பிளேஸ்டேஷன். அதன் ஒரு டிஸ்க்கின் விலைக்கு ஒரு நகல் வீடியோ கேம் பெட்டியே வாங்கிவிடலாம். திரை வீட்டுக்கு வந்துவிட்டது, அதில் செருகுவதற்குப் பழைய பிசின் சொட்டுதான் இருந்தது.

3

பிசி வேறு வழியாக வந்தது. விளையாட்டு என்ற பேச்சே இல்லாமல் வந்தது.

சிவகாசியில் அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று அச்சகம். ஆஃப்செட் அச்சு இருக்கிற இடத்தில் டிடிபி இருக்கும். டிடிபி இருக்கிற இடத்தில் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் ஓடுகிற வலுவான கம்ப்யூட்டர் இருக்கும். காலண்டர் டிசைன் செய்கிற இயந்திரத்துக்கு ரோடு ராஷ் ஓட்டத் தெரியாதா என்ன? இன்னொரு வாசல் கல்லூரி. 1984இல் சிவகாசியில் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயருக்குள் ஓர் உலோகத்தூள் நிறுவனம் இருக்கிறது. பட்டாசின் வெள்ளை வெளிச்சத்துக்கு வேண்டிய அலுமினியத்தூள் பொறியியல் படிப்பாக மாறிய மாவட்டம் இது. தொண்ணூறுகளின் கடைசியில் "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்ற வாக்கியத்துக்குக் கல்யாணச் சந்தை வரைக்கும் மதிப்பு. அந்த வாக்கியத்துக்காக வாங்கிய பிசியில்தான் டேவும் ஐஜிஐயும் வைஸ் சிட்டியும் குடிபுகுந்தன.

பிசி வாங்க முடியாதவர்களுக்கு பிரவுசிங் சென்டர். அறிவிப்புப் பலகையில் ரிசல்ட் பார்க்கலாம், ஜெராக்ஸ், வேலைவாய்ப்புப் பதிவு என்று எழுதியிருக்கும். உள்ளே தட்டித் தடுப்புகளுக்குப் பின்னால் கவுன்டர் ஸ்ட்ரைக். "அண்ணே, நாலு சிஸ்டம் சேத்துக் குடுங்கண்ணே" என்று நான்கு பையன்கள் காசைச் சேர்த்து வருவார்கள். பெரிய நிறுவனங்களும் இதை மோப்பம் பிடித்தன. சிஃபியின் ஐவே மையங்கள் இருந்தன. 2006இல் ரிலையன்ஸ் ஜபக்கைத் தொடங்கி விளையாட்டு மையங்களும் திறந்தது. நம் பக்கம் நடந்ததெல்லாம் அண்ணன் வைத்திருந்த சென்டர்தான். அங்கே ஆடிய எந்த விளையாட்டுக்கும் எந்த நிறுவனத்துக்கும் பணம் போகவில்லை. பணம் போனது அண்ணனுக்கு, மின்வாரியத்துக்கு, பிஎஸ்என்எல்லுக்கு.

கன்சோல் முற்றிலும் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2009இல் ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' செய்தது. இந்தியாவில் உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்று அதைச் சொன்னார்கள். அதே ஊரிலிருந்து கில்லியும் கபடியும் பட்டம் விடுவதும் கொண்ட 'தேசி அட்டா' வந்தது. பிளேஸ்டேஷன் 2 உலகில் 15 கோடிக்கு மேல் விற்ற கருவி. ஆனால் 2009இல் அது ஒன்பது வருடப் பழசு. உலகம் எழுந்து போன பந்தியில் நமக்கு இலை போட்டார்கள்.

பிறகு மின்வெட்டு. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். நகல் வீடியோ கேமில் 'சேவ்' கிடையாது. கடைசிக் கட்டத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். ஐஜிஐயிலும் ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்ய முடியாது. விளையாட்டின் கஷ்டத்தை அதைச் செய்தவர்கள் பாதி முடிவு செய்தார்கள், மின்வாரியம் மீதி. சரியாக அந்த நேரத்தில், 2011 செப்டம்பரில், அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பேட்டரி உள்ள கம்ப்யூட்டர்! அடுத்த ஒன்பது பத்து ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். பாடத்துக்குத் தந்த லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாக கிரிக்கெட் 07 போன வேகத்தில் எந்தப் பாடமும் போகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சீன அரசு 2000இல் கன்சோல் விற்பனையைத் தடை செய்தது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது காரணம். 2014இல்தான் தளர்த்தியது. அந்தப் பதினாலு வருடத்தில் சீனாவின் விளையாட்டு முழுக்க பிசிக்கும் பிறகு மொபைலுக்கும் போனது. கொரியாவில் ஜப்பானியப் பண்பாட்டுப் பொருட்களுக்கு 1998 வரை கதவு அடைத்திருந்தது. 1997இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு 'பிசி பாங்' முளைத்தது. 1998இல் ஸ்டார்கிராஃப்ட் வந்தது. மணிக்கணக்கு வாடகைக்கு ஆடிய அந்தப் பையன்களிலிருந்து ஒரு தேசிய விளையாட்டுத் தொழிலே எழுந்தது. மூன்று இடத்திலும் பிசியைத் தேர்ந்தெடுத்தது ரசனை அல்ல. சுங்கமும் தடையும் 'படிக்கிற பொருள்' என்ற நம்பிக்கையும்தான். ஒரு வித்தியாசம், கொரியாவில் மணிக்கணக்கை எண்ணினார்கள்.

4

மணிக்கணக்கு என்று சொன்னதும் இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சிவகாசி, சாத்தூர் பக்கம் குழந்தையின் நேரத்துக்கு எப்போதும் ஒரு விலை இருந்தது. சட்டத்தில் குச்சி அடுக்கினால் இவ்வளவு, பெட்டி ஒட்டினால் இவ்வளவு. எண்ணிக்கைக்குக் கூலி. வீடியோ கேம் கடை திறந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே குழந்தைத் தொழில் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 10. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அது.

அந்தப் பிள்ளைகளில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். இதை யோசித்துப் பார்த்தால் 'நம் தலைமுறையே முஸ்தபா ஆடியது' என்று நாம் சொல்லிக்கொள்வதிலும் ஒரு கோடு இருக்கிறது. வீடியோ கேம் கடையில் பெண் பிள்ளைகள் நின்றதில்லை. பிரவுசிங் சென்டரில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை, ரிசல்ட் பார்க்க அண்ணனோடு வந்ததோடு சரி. நியூஜூ நம்மை எண்ணவில்லை என்றால், நாம் இவர்களை எண்ணவில்லை. இந்த வரலாற்றில் ஒரு பெண் பிள்ளையின் பெயரிலேயே வந்து சேர்ந்த முதல் இயந்திரம் என்று பல வீடுகளில் அந்த இலவச லேப்டாப்பைத்தான் சொல்ல முடியும். அதில் அவர்கள் என்ன ஆடினார்கள் என்று எந்த ஆய்வாளரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

எண்ணப்படாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். காசு கொடுக்காமல் ஆடியவர்களுக்கு என்ன குறை? குறை மெதுவாகத் தெரிகிறது. ஒரு மொழியில் விளையாட்டு செய்யலாமா, ஒரு ஊரில் கடை திறக்கலாமா என்று முடிவு செய்கிறவர்கள் இந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள். 2023இல் 'வெண்பா' வந்தது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ் அம்மா, அவள் சமையல், அவள் மகன். இட்லிப் பானையில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருதும் வாங்கியது. செய்தது டொரன்டோவின் விசை கேம்ஸ். வெளிவந்தது பிசியிலும் மூன்று கன்சோல்களிலும். விருதுநகர் மாவட்டத்தில் இட்லிப் பானை இல்லாத வீடு கிடையாது. அந்த விளையாட்டு ஓடும் கருவி இருந்த வீடுகளோ குறைவு.

ஏனென்றால் அதற்குள் எல்லாம் போனுக்குப் போய்விட்டது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடையானது. வேறு பெயரில் வந்தது, போனது, மறுபடி வந்தது. இந்திய விளையாட்டுச் சந்தை பல்லாயிரம் கோடி என்று அறிக்கைகள் வர ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான். உள்ளே பார்த்தால் அதில் பாதிக்கு மேல் ரம்மியும் பந்தயமும். நியூஜூ எடுத்துவிடுகிற சூதை இங்கே தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்ததும் அந்தப் பாதி ஒரே வாரத்தில் கரைந்தது. ஆடுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 9999 இன் 1 கேசட்டில் திரும்ப வந்த விளையாட்டுகளை நீக்கிப் பார்த்தது போலத்தான்.

எனவே பிசியா கன்சோலா என்று இங்கே கேட்டால் என் பதில் பிசிதான். ஆனால் டாலரில் சொல்ல மாட்டேன். மணியில் சொல்வேன். அதற்கு ஆவணமும் ஒரு காலத்தில் இருந்தது. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. வருகிற ஒவ்வொருவரின் பெயர், எந்த சிஸ்டம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. தீவிரவாதிகளைப் பிடிக்கப் போட்ட விதி. அதன் புண்ணியத்தில், இந்தியச் சிற்றூர்கள் எத்தனை மணி நேரம் விளையாடின என்ற கணக்கு நீளவாக்கு நோட்டுகளில் நீல மையில் பதிவானது. வருடம் முடிந்ததும் அவற்றை வைத்திருக்க யாருக்கும் காரணம் இல்லை, பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். பட்டாசுக் குழாய் சுற்ற இந்தப் பக்கம் பழைய பேப்பருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஒன்றிரண்டு நோட்டுகளாவது யாருடைய பரணிலாவது மிச்சம் இருக்கலாம். இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.